அங்குலத்தில் செய்த வண்டி

3 ஜூலை 2018, செவ்வாய், வாகே

காலையில் மிதிவண்டியில் புறப்பட்டு நடையாகத் திரும்பினேன். கோத்தகெடே சந்தையைத் தாண்டியதும் செயின் கழன்றது. கழன்ற செயினை மாட்டத் தெரியாது என்று எழுபத்தொரு வயதில் எழுதி வைக்க நேர்வது அழகல்ல. நாட்குறிப்பில் பொய் எழுதுவது அதைவிட அழகல்ல. வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும், "நடைப்பயிற்சியா பாக்? உடம்புக்கு ரொம்ப நல்லது" என்று, ஐயா என்ற பொருளில் 'பாக்' சேர்த்து, குனிந்து வணங்கிப் போனார்கள். செயின் தரையில் பாம்பாக இழுபட்டது ஒருவர் கண்ணிலும் படவில்லை. யோக்யாகர்த்தாவில் பெரியவர்களின் சங்கடம் எவர் கண்ணிலும் படாது. அப்படி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள்.

மெக்கானிக் கிமின் இருந்தவரை இந்தக் கவலை இல்லை. நோன்புப் பெருநாளுக்கு மகன் வந்து அவரை லாம்புங்குக்கு அழைத்துப் போய்விட்டான். இனி அங்கேயேதான் என்று கேள்வி. எங்கள் பழங்கால மிதிவண்டிச் சங்கத்தின் எல்லா வண்டிகளையும் ஓவராயில் செய்தது அவர் ஒருவர்தான். "அசல் சாமான் மட்டும்தான் போட வேண்டும், தெரிகிறதா?" என்பேன். தலையைக் குனிந்து, "இங்கிஹ், பாக்" என்பார். எங்கள் மொழியில் இதைவிட மரியாதையான 'ஆமாம்' கிடையாது. அத்துடன் பேச்சு முடிந்துவிடும். கட்டளை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

செயினை இரவு உணவுக்குமுன் என் மனைவி வார்ஸினி மாட்டினாள். எப்படி என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, கையை மட்டும் என் துண்டில் துடைத்துவிட்டுப் போனாள்.

8 ஜூலை, ஞாயிறு, வாகே

சங்கக் கூட்டம். செயலாளர் யத்னோ அனுப்பிய அறிவிப்பில் 'ஞாயிறு, க்ளிவோன்' என்று இருந்தது. இன்று வாகே. ஏழு கிழமைகளோடு எங்கள் ஜாவா நாட்காட்டியில் சுழலும் சந்தை நாள் ஐந்தே ஐந்து: லெகி, பஹிங், போன், வாகே, க்ளிவோன். அதையே சரியாக எண்ணத் தெரியாதவர் கையில் ஒரு சங்கத்தின் எழுத்து வேலை. சுட்டிக் காட்டினேன். "இங்கிஹ் பாக், மன்னிக்கணும்" என்றார். அடுத்த அறிவிப்பிலும் தவறாகத்தான் இருக்கும்.

வழக்கம்போல் எல்லாரும் வண்டிகளின் காலத்து வேடத்தில். ஓய்வுபெற்ற பல் வைத்தியர் திப்யோ, விடுதலைப் போர் வீரராகக் காக்கி உடுத்தி, சீவிய மூங்கில் ஈட்டியுடன் வந்திருந்தார். அந்தப் போர் முடிந்தபோது அவர் பிறக்கவே இல்லை. ஆனால் ஈட்டியை அவர் பிடித்திருந்த விதத்தில் ஒரு கடைவாய்ப் பல்லுக்காவது ஆபத்து இருந்தது.

சென்ற ஆண்டு விழாப் போட்டியில் அவர் வண்டியை நான் தள்ளுபடி செய்தேன். அசல் தன்மைக்கு நடுவர் நான்தான். மணி புதியது, ஒலியிலேயே தெரிந்தது. நான் எடைகள் அளவைகள் துறையில் முப்பது ஆண்டு இருந்தவன். வியாபாரியின் முகத்தைப் பார்த்தே படிக்கல்லின் குறையைச் சொல்லிவிடுவேன். பல் வைத்தியரின் மணி எம்மாத்திரம்?

இன்று அதற்குப் பழி தீர்த்தார். ஆனால் என் பெயரையே சொல்லி, தேனில் தோய்த்து.

"பாக் நோதோ மாதிரி பெரியவங்க இருக்கற சங்கம் இது. அவரோட வண்டி அப்பா காலத்து இங்கிலாந்து வண்டி. அதை வெளியில மட்டும் பாத்து நாங்க எப்படிக் கத்துக்கறது? விழாவுல ஒவ்வொருத்தரும் பின்சக்கரத்தைத் தன் கையால கழட்டி, நடுவுல இருக்கற ஹப்பைத் திறந்து, துடைச்சு, கிரீஸ் வச்சு, திரும்ப மாட்டணும்னு ஒரு விதி வச்சுக்கலாமே. அதைச் செய்ய முடியாதவங்க மத்தவங்க வண்டியைத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். சும்மா ஒரு ஆசைதான்."

வாழ்நாள் முழுவதும் பிறரை வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர். இப்போது ஹப்பைத் திறக்கச் சொல்கிறார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பி, "இங்கிஹ்" என்றார்கள். நானும் "இங்கிஹ்" என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்றா? என் அப்பாவின் வண்டி முதலிடத்தை இழக்கும், நான் நடுவர் இருக்கையை இழப்பேன், அந்த இருக்கையில் மூங்கில் ஈட்டியுடன் திப்யோ உட்காருவார். விழா ஆகஸ்ட் 26, ஞாயிறு, போன். (யத்னோ 'பஹிங்' என்று எழுதிக்கொண்டார்.)

9 ஜூலை, திங்கள், க்ளிவோன்

ஸ்பேனர் பெட்டி ஒன்று வாங்கினேன். எது எதற்கு என்று தெரியவில்லை. பெட்டி அழகாக இருக்கிறது.

14 ஜூலை, சனி, க்ளிவோன்

வட்டார அலுவலகக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் இலவசமாக மிதிவண்டிப் பழுது கற்றுக்கொடுக்கிறார்களாம். போனேன். மாணவர்கள்: இல்லத்தரசிகள் பலர், கல்லூரிப் பெண்கள் இருவர், நான். ஆசிரியை சுலிஸ் என்ற நாற்பது வயதுப் பெண், சுரபாயாக்காரி. சந்தை முனையில் கடை வைத்திருக்கிறாள். தன்னை அவ்வூர் வழக்கப்படி 'நிங்' என்று அழைக்கச் சொன்னாள். சுரபாயாக்காரர்களின் ஒளிவுமறைவற்ற பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்பட்டது குறைவு.

"பாக், என்ன வேலை பாத்தீங்க?"

"எடைகள் அளவைகள் துறையில் மேற்பார்வை."

"அப்ப கையில அழுக்கே பட்டிருக்காது. வாங்க, உக்காருங்க. ஐயோ, ஸ்டூல் இல்ல, தரையில."

தரையில் உட்கார்ந்தேன். பஞ்சர். டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பது, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பது, சொல்யூஷன் தடவுவது. தடவியதும் பேட்ச்சை ஒட்டிவிட்டேன். உடனே கழன்றது.

"காய விட்டீங்களா?"

"சொல்யூஷன் என்றால் ஈரமாக இருக்கும்போதுதானே ஒட்டும்?"

"ஒட்டாது. தொட்டா விரல்ல வராத அளவுக்குக் காயணும். தப்பு. திரும்பப் பண்ணுங்க."

'தப்பு' என்ற சொல்லை என் முகத்துக்கு நேரே ஒருவர் சொல்லி எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். நினைவுக்கு எட்டவில்லை. பக்கத்தில் இருந்த இல்லத்தரசி பதறிப்போய், "பாக் பண்ணினதும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். பேட்ச் அப்போது வாளியில் மிதந்துகொண்டிருந்தது.

21 ஜூலை, சனி, பஹிங்

பிரேக் கட்டை சரிசெய்வது, செயின் இழுவை பார்ப்பது. செயின் மாட்டுவது அரை நிமிட வேலை; வார்ஸினி இதை எங்கே கற்றாள்? கேட்டேன். "இத்தனை வருஷம் சந்தைக்கு யார் போறான்னு நினைச்சீங்க?" என்றாள்.

அவள் வண்டியில் பயிற்சி செய்ய அனுமதி கேட்டேன். "பின் பிரேக்கை மட்டும் தொடாதீங்க" என்றாள். பின் பிரேக்கை முதலில் சரிசெய்தேன்.

24 ஜூலை, செவ்வாய், க்ளிவோன்

சந்தையில் வார்ஸினியின் பிரேக் பிடிக்கவில்லை. வெங்காயக்காரியின் கூடையில் போய் நின்றிருக்கிறாள். அடி ஒன்றும் இல்லை. நசுங்கியதையெல்லாம் வாங்கி வர நேர்ந்ததால் இன்று எல்லாக் குழம்பிலும் வெங்காயம். காலையிலும் வெங்காயம். பேச்சு இல்லை, வெங்காயம் மட்டும்.

28 ஜூலை, சனி, வாகே

சக்கரக் கோட்டம் எடுப்பது. ஒரு ஸ்போக்ஸ் கம்பியை இறுக்கினால் எதிர்ப்பக்கம் வளைகிறது. அதைச் சரிசெய்தால் இன்னோரிடம். அரசு அலுவலகத்தில் இடமாற்ற உத்தரவு போடுவதும் இப்படித்தான். நான் எடுத்த கோட்டத்தில் சக்கரம் முட்டை வடிவத்துக்கு வந்தது.

"பாக், ஸ்பேனரைப் பேனா மாதிரி பிடிக்காதீங்க. அதுல கையெழுத்து போட முடியாது."

கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். சட்டென்று வாயை மூடிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். நிங் சுலிஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது ஒருவகையில் வசதியாக இருக்கிறது. அவள் 'சரி' என்று சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். என்னிடம் மற்றவர்கள் சொல்லும் 'சரி'யை என்ன படிக்கல் வைத்து எடைபோடுவது?

4 ஆகஸ்ட், சனி, லெகி

ஹப். இதற்காகத்தான் வந்தேன். நட்டைக் கழற்றி, கூம்பு வடிவக் கோனைத் திருகி எடுத்து, அச்சை உருவினால் பால்ரஸ்கள் கறுப்புக் கிரீஸில் பெருநாள் இனிப்புபோல் அடுக்கியிருக்கின்றன. துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து, ஒவ்வொன்றாக அடுக்கி, கோனை மறுபடி திருக வேண்டும். இறுக்கினால் சக்கரம் திணறும், தளர்த்தினால் ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இருக்கிறது. அதைக் காது சொல்லாது, கண் சொல்லாது, விரல்தான் சொல்லும்.

"எப்படித் தெரியும் சரியா இருக்குன்னு? சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சுட்டு விட்ருங்க. காத்தடிக்கிற வால்வு இருக்கற பக்கம் கொஞ்சம் கனம். அந்தக் கனத்துலேயே சக்கரம் தானா சுத்தி, வால்வு கீழ வந்து நிக்கணும். நிக்கலைன்னா இறுக்கம்."

என் சக்கரம் சுற்றியது. மெல்ல, ஏதோ யோசிப்பதுபோல். வால்வு கீழே வந்து, சற்றுத் தாண்டி, திரும்பி, நின்றது. வகுப்பில் முதல் ஆள் நான்.

"சரி" என்றாள் நிங் சுலிஸ்.

வீடு வரும்வரை அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வந்தேன். எடைகள் அளவைகள் துறையின் விடைபெறு விழாவில் எனக்கு இரண்டு மணி நேரம் புகழுரை வாசித்தார்கள். அதில் ஒரு வாக்கியமும் நினைவில்லை.

கிளம்பும்போது அவள் சொன்னது: "உங்க அப்பா வண்டி இங்கிலாந்துதுன்னீங்க. அதுக்கு இந்த மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்காராது. அவங்க அங்குலத்துல செஞ்சாங்க. அங்குல ஸ்பேனர் தேடிப் பிடிங்க, இல்லன்னா நட்டோட முனையெல்லாம் மழுங்கிரும்."

அளவைத் துறைக்காரனுக்கு அங்குலத்தைப் பற்றிப் பாடம். பழைய சாமான் சந்தையில் அங்குல ஸ்பேனர்கள் கிடைத்தன. துருப்பிடித்தவை; ஆனால் அளவு சரி. என் வெர்னியர் அளவுகோலால் சோதித்துத்தான் வாங்கினேன்.

11 ஆகஸ்ட், சனி, போன்

வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுப் பின்முற்றத்தில் அப்பாவின் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினேன். அப்பா கரும்பு ஆலைக் கணக்கராக இருந்தபோது வாங்கியது. 1937. இதுவரை நான் துணியால் துடைத்ததோடு சரி.

அங்குல ஸ்பேனரைப் பின்சக்கர நட்டில் வைத்தேன். ஆடியது. அதற்கடுத்த சிறியதை வைத்தேன். உள்ளேயே போகவில்லை. என் கைதான் பழகவில்லை என்று நினைத்து மறுபடி. மறுபடி.

பிறகு, எதற்கென்று இல்லாமல், அந்த அழகான பெட்டியிலிருந்து பதினைந்தாம் எண் மில்லிமீட்டர் ஸ்பேனரை எடுத்து வைத்தேன். 'க்ளக்' என்று உட்கார்ந்தது.

வெர்னியரைக் கொண்டுவந்தேன். நட்டு, பதினைந்து மில்லிமீட்டர். அச்சு, பத்து மில்லிமீட்டர். ஒரு மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. 1937இல் பர்மிங்காமில் எந்தக் கிறுக்கன் மில்லிமீட்டரில் செய்தான்?

பிரேக் போல்ட்டை அளந்தேன். மில்லிமீட்டர். இருக்கையின் அடிப்போல்ட். மில்லிமீட்டர். பெடல் தண்டின் காட்டர் பின், கைப்பிடித் தண்டு, விளக்குக் கம்பி. அளக்க அளக்க ஒவ்வொன்றாக என்னைப் பார்த்து இளித்தன. வண்டியின் சட்டம் ஒன்றுதான் மிச்சம். அதன் குழாய் அங்குலம். அப்பாவிடமிருந்து எனக்கு வந்திருப்பது ஒரு எலும்புக்கூடு. சதை முழுதும் கிமினுடையது.

வார்ஸினி தேநீர் கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், வெர்னியரைப் பார்த்தாள், தரையில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"கிமின் இந்தப் படியில உக்காந்து எத்தனை தடவை சொல்லியிருக்கார். 'அந்தச் சாமான் இப்ப உலகத்துலேயே கிடையாதும்மா, பாக் அசல்தான் வேணுங்கறாரே, நான் எங்க போவேன்'னு."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"யாரு, அவரா? உங்ககிட்ட 'இல்லை'ங்கறதா?"

"நீ ஏன் சொல்லவில்லை?"

"வண்டி ஓடிட்டு இருந்துச்சே. நீங்களும் சந்தோஷமா இருந்தீங்க. ரெண்டையும் ஏன் கெடுக்கணும்?"

தேநீர் ஆறிப்போயிற்று. குடித்தேன்.

12 ஆகஸ்ட், ஞாயிறு, வாகே

லாம்புங்குக்குத் தொலைபேசினேன். கிமின் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. பேரன்கள், கோழிகள், மழை. விசாரிப்பெல்லாம் முடிந்தபின் கேட்டேன்.

"கிமின், என் பின்சக்கர ஹப் அசல்தானே?"

"இங்கிஹ், பாக்."

"இல்லை, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அது புதியதா?"

"இங்கிஹ், பாக்."

"புதியதா, அசலா?"

"இங்கிஹ், பாக்."

"இரண்டும் எப்படி இருக்க முடியும்?"

மறுமுனையில் கோழி கொக்கரித்தது. "பாக் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "வண்டி நல்லா ஓடுதா பாக்?" என்று கேட்டார்.

ஓடுது. ஓடாம என்ன. நல்லாத்தான் ஓடுது. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். இத்தனை வருஷமா ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'கிடைக்காது பாக்'னு சொல்லியிருந்தா என்ன? கத்தியிருப்பேன். ஆமா, கத்தியிருப்பேன். அப்புறம்? அடங்கியிருப்பேன்ல? அடங்கியிருப்பேனா?

எழுத்து கோணலாகிவிட்டது. நாளை தொடர்கிறேன்.

(மறுநாள் தொடரவில்லை. தொடர ஒன்றும் இருக்கவில்லை.)

17 ஆகஸ்ட், வெள்ளி, வாகே

விடுதலை நாள். கொடியேற்றம் முடிந்து, பழைய சாமான் சந்தைக்குப் போனேன். நோக்கத்தை மறைக்க விரும்பவில்லை: ஓர் அசல் ஆங்கில ஹப் கிடைத்தால் மாட்டிவிடுவது. யாருக்கும் தெரியாது. விழாவில் திறப்பேன், அங்குல ஸ்பேனரை வைப்பேன், திப்யோவின் ஈட்டி வாடிப்போகும்.

ஒரு கடைக்காரர் எண்ணெய்த் துணியைப் பிரித்துக் காட்டினார். துரு, பழுப்பு, பழமை.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் பாக். தாத்தா காலத்துது."

"அசலா?"

"இங்கிஹ்."

அந்தச் சொல் விழுந்ததுமே பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன். பத்து மில்லிமீட்டர். துரு மட்டும்தான் அசல்.

18 ஆகஸ்ட், சனி, க்ளிவோன்

வகுப்பின் கடைசி நாள். நிங் சுலிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன்: பால்ரஸ். அவற்றை அளந்திருந்தேன். கால் அங்குலம். ஒருவேளை உள்ளே இருப்பவையாவது அப்பா காலத்தவையாக இருக்கலாம் அல்லவா?

சிரிக்காமல் கேட்டாள். பிறகு, "பால்ரஸ் எல்லா ஊர்லயும் கால் அங்குலம்தான் பாக். இங்கிலாந்துலயும், சீனாவுலயும், என் கடையிலயும்" என்றாள்.

"அப்படியா."

"உங்க ஊர்ல 'இல்லை'ங்கறதுக்கு வார்த்தையே கிடையாதா?"

"இருக்கிறது. பயன்படுத்துவதில்லை."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க? வயித்துவலின்னு படுத்துக்கப் போறீங்களா?"

அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன். எப்படித் தெரிந்தது இவளுக்கு?

26 ஆகஸ்ட், ஞாயிறு, போன்

விழா. வட்டார அலுவலகத் திடலில் பந்தல். கலைந்த நாடகக் கொட்டகைபோல் உடுப்புகள்: டச்சுத் துரை, தோட்ட மேலாளர், பள்ளி ஆசிரியர், எண்ணிக்கையில் அந்தக் காலப் படையையே மிஞ்சும் விடுதலை வீரர்கள். நான் வழக்கமான கோடுபோட்ட மேல்சட்டையும் தலைக்கட்டும். நிங் சுலிஸ் தன் மாணவிகளுடன் பொரித்த சோயா தெம்பே கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நடுவர் என்ற முறையில் முதல் வண்டியை அழைக்க வேண்டியவன் நான். என் வண்டியை அழைத்தேன்.

தரையில் உட்கார்ந்தேன். பின்சக்கரத்தைக் கழற்றினேன். நட்டு, கோன், அச்சு, பால்ரஸ். ஒரு பால்ரஸும் தரையில் உருளவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். திப்யோ குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் முதன்முறையாக ஏமாற்றம். நான் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தேன்.

மாட்டி முடித்து, சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து விட்டேன். வால்வு கீழே வந்து நின்றது. கைதட்டினார்கள். அங்கேயே எழுந்திருக்கலாம். எழுந்தேன், ஆனால் பதினைந்தாம் எண் ஸ்பேனரையும் வெர்னியரையும் கையில் எடுத்துக்கொண்டு.

"இந்த நட்டு மில்லிமீட்டர். அச்சு மில்லிமீட்டர். சட்டம் தவிர இவ்வண்டியில் எதுவும் 1937ஐச் சேர்ந்ததல்ல. அசல் பிரிவிலிருந்து இதைத் தள்ளுபடி செய்கிறேன்."

நான் எதிர்பார்த்தது: ஏளனம், முணுமுணுப்பு, திப்யோவின் வெற்றிப் புன்னகை. நடந்தது வேறு. எல்லாரும் என்னைக் காப்பாற்ற ஓடிவந்தார்கள்.

"அப்படிச் சொல்லாதீங்க பாக். பாக்கோட வண்டி அசல்தான்."

"இதோ அளவு. நீங்களே பாருங்கள்."

"இங்கிஹ், பாக். ஆனா அசல்தான்."

யத்னோ பணிவாக முன்வந்து, "வெயில்ல அளவுகோல் விரிஞ்சிருக்கும் பாக்" என்றார். முப்பது ஆண்டு அளவைத் துறையில் இருந்தவனிடம். இந்த வெயிலில் எஃகு எவ்வளவு விரியும் என்று விளக்கினேன். "இங்கிஹ்" என்றார். நம்பவில்லை. நம்பாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறார். ஒரு மனிதன் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளவும் இந்த ஊரில் வழியில்லை. பத்துப் பேர் குடை பிடிக்க வருவார்கள்.

"கிமின் செய்த வேலை இது" என்று கடைசியாகச் சொன்னேன். குற்றம் சாட்டும் தொனியில் அல்ல. தகவலாக.

அப்போதுதான் குடைகள் மடங்கின. ஏனென்றால் எல்லா வண்டிகளும் கிமின் செய்தவை.

அடுத்த வண்டி திப்யோவுடையது. ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டார். நட்டருகே கொண்டுபோனார். நிறுத்தினார். அந்தக் கையை எனக்குத் தெரியும். ஆகஸ்ட் 11இல் என் கை அது.

"வெயில் ஏறிடுச்சு" என்றார். "பெரியவங்கள்லாம் இருக்கீங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாமே. சும்மா ஒரு யோசனைதான்."

இவ்வளவு வேகமாக ஒரு தீர்மானம் எங்கள் சங்கத்தில் நிறைவேறியதில்லை. டச்சுத் துரைக்கு இடுப்பு வலித்தது. தோட்ட மேலாளருக்கு ஒரு சுன்னத்து விருந்து நினைவுக்கு வந்தது. விடுதலை வீரர்கள் போர்க்களத்தைக் காலி செய்தார்கள்.

நிங் சுலிஸ் தெம்பேவைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க ஊர்க்காரங்க ஓடற வேகத்துக்குச் சைக்கிளே வேண்டாம் பாக்."

பிறகு, கிளம்பும் முன், என் சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தாள். "கோன் சரி" என்றாள்.

28 ஆகஸ்ட், செவ்வாய், க்ளிவோன்

நடுவர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தேன். 'கௌரவ ஆலோசகர்' ஆக்கியிருக்கிறார்கள். ஆலோசனை கேட்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. முதற்பரிசுக் கோப்பையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், 'நேர்மைக்காக' என்று. வார்ஸினி அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். அறிவிப்பில் இன்றைய நாள் 'செவ்வாய், லெகி' என்று இருக்கிறது.

6 செப்டம்பர், வியாழன், வாகே

மாலை நான்கு மணிபோல் பின்சந்து வழியாக ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். திப்யோ. காக்கி இல்லை, ஈட்டி இல்லை. கட்டம்போட்ட கைலியும் வெள்ளைச் சட்டையும். முன்வாசல் இருக்கும்போது பின்சந்து வழியாக வருபவரிடம் காரணம் கேட்பது எங்கள் வழக்கமல்ல. வார்ஸினி தேநீர் வைத்தாள். மழை பற்றிப் பேசினோம். அவர் மனைவியின் முழங்கால் பற்றி. சங்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாம் தேநீரில்தான் சொன்னார். "பின்சக்கரத்துல ஒரு சத்தம் வருது பாக். கிமினும் இல்ல. அந்தச் சுரபாயாப் பொம்பளைகிட்ட போகலாம்னா, அது வாயைத் திறந்தா..." முடிக்கவில்லை. "இது எங்க மாமனார் குடுத்த வண்டி. கல்யாணத்துக்கு."

"தெரியும். பார்க்கிறேன்" என்றேன்.

வண்டியைத் தலைகீழாக நிறுத்தினேன். திப்யோ முக்காலியில் உட்கார்ந்து ராம்புத்தான் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. முதலில் அங்குல ஸ்பேனரை எடுத்தேன். நியாயமாக அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஆடியது. பதினைந்தாம் எண்ணை வைத்தேன்.

'க்ளக்.'

அந்த ஓசை அவருக்கும் கேட்டிருக்கும். பெரிய முற்றம் அல்ல இது.

மணி விவகாரம், மூங்கில் ஈட்டி, தேனில் தோய்த்த அந்தப் பேச்சு எல்லாம் நினைவுக்கு வந்தன. இல்லை என்று எழுதமாட்டேன். வெர்னியர் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து, அளந்து, எண்ணை உரக்கச் சொல்ல ஒரு நிமிடம் போதும். எடுக்கவில்லை. ஹப்பைத் திறந்தேன். கிரீஸ் காய்ந்து கல்லாகியிருந்தது. துடைத்தேன், புதிது வைத்தேன், பால்ரஸ்களை அடுக்கினேன், கோனைத் திருகினேன். சற்று இறுக்கம். கால் சுற்றுத் தளர்த்தினேன்.

"எப்படி இருக்கு பாக்?"

"கிரீஸ் காய்ந்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை."

"உள்ள..." என்றார். மரத்தைப் பார்த்தபடியே. "உள்ள எல்லாம் அசல்தானே?"

"இங்கிஹ்" என்றேன்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன். பிறகு அவர், "நானே பாத்துருப்பேன். கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்" என்றார். அவர் சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு துருத்திக்கொண்டிருந்தது. அது என் கண்ணில் படவில்லை.

சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து விட்டேன். மெல்லச் சுற்றியது. வால்வு கீழே வந்து, சற்றுத் தாண்டி, திரும்பி, நின்றது. அதை மட்டும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"சத்தமே இல்ல பாக்."

"இருக்காது."

வெளிச்சம் குறையும்முன் கிளம்பினார், வந்த வழியாகவே. ஆனால் தள்ளிக்கொண்டு அல்ல, ஏறி மிதித்து. சந்தின் முனையில் யாருக்கோ மணியடித்தார்.

அந்த மணி மட்டும் புதியது. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.